நாற்பது ஆண்டுகள் நீண்ட ஒரு பென்சில் கோடு

நியூயார்க்கின் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் 2016 அக்டோபர் 7 அன்று ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினின் மீள்பார்வைக் கண்காட்சி திறந்தது. சுருண்டு மேலேறும் அந்தக் கட்டடத்தின் சரிவுப் பாதையில் கால் வைத்தவர்களைத் தொடக்கத்திலேயே எதிர்கொண்டவை ‘தீவுகள்’ என்ற தலைப்பில் அமைந்த பன்னிரண்டு ஓவியங்கள். 1979ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஆறடிக்கு ஆறடி சதுரம். தள்ளி நின்று பார்த்தால் பன்னிரண்டும் வெறும் வெள்ளைத் துணிகள் போலத் தெரியும். கிட்டப் போனால்தான் அந்த வெண்மைக்குள் லேசான சாம்பலும் நீலமும் கலந்திருப்பதும், குறுக்காகப் பென்சில் கோடுகள் ஓடுவதும், கோடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒவ்வொரு ஓவியத்திலும் மாறுவதும் கண்ணில் படும். மரமில்லை, முகமில்லை, கதையில்லை. இப்படிப்பட்ட ஓவியங்களை நூற்றுக்கும் மேல் திரட்டி, ஐம்பதாண்டு உழைப்பை ஒரே கூரையின்கீழ் வைப்பதில் பார்வையாளருக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்வி நியாயமானது. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆக்னஸ் மார்ட்டினைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. ஒன்றை மட்டும் பார்த்தவர் எதையும் பார்க்கவில்லை. மிகக் குறைவாகச் சொல்லும் கலைஞருக்குத்தான் வாழ்நாள் முழுவதையும் விரித்துக் காட்டும் கண்காட்சி மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

மீள்பார்வைக் கண்காட்சி என்பது ஓர் ஓவியரின் இளமைக்கால முயற்சிகளிலிருந்து கடைசிப் படைப்புவரை வரிசைப்படுத்திக் காட்டுவது. பிக்காசோ போன்ற ஒருவருக்கு அப்படி வைத்தால் அறைக்கு அறை மாற்றம் தெரியும். நீலக் காலம் முடிந்து ரோஜாக் காலம் வரும், பிறகு கியூபிசம் வரும். ஒவ்வோர் ஓவியமும் தனியாக நின்றாலும் தன்னைப் பற்றி நிறையச் சொல்லிக்கொள்ளும். ஆக்னஸ் மார்ட்டின் 1960களின் தொடக்கத்தில் சதுரத் துணி, பென்சில் கோடு, மெல்லிய வண்ணம் ஆகிய மூன்றையும் தேர்ந்துகொண்டார். 2004இல் தமது 92ஆம் வயதில் இறக்கும்வரை பெரும்பாலும் அந்த மூன்றுக்குள்ளேயே இருந்தார். இத்தனையும் மாறாமல் நிற்கும்போது எது மாறுகிறதோ அதில்தான் பொருள் தங்குகிறது. தம்புராவின் சுருதி ஒரே நிலையில் நிற்பதால்தான் பாடகரின் குரல் இழையளவு நகர்ந்தாலும் காது அதைப் பிடித்துக்கொள்கிறது. அதுபோல ஓர் இடைவெளி அரை விரற்கடை அகன்றதா, கோடு அழுத்தமாக விழுந்ததா, வெண்மை சற்றுச் சிவந்ததா என்பவைதான் இந்த ஓவியங்களில் நிகழ்ச்சிகள். பக்கத்தில் இன்னொரு ஓவியம் இல்லையென்றால் அந்த நிகழ்ச்சி நடந்ததே தெரியாது. இந்தக் கண்காட்சி 2015இல் லண்டன் டேட் மாடர்னில் தொடங்கி, ஜெர்மனியின் டுசல்டார்ஃப், லாஸ் ஏஞ்சலஸ் என்று பயணப்பட்டு நியூயார்க்குக்கு வந்தது. அவர் இறந்தபின் அவருடைய முழு வாழ்வையும் எடுத்துக்கொண்ட முதல் பெருங்கண்காட்சி இதுதான்.

அவர் இந்த எளிமையில் பிறந்துவிடவில்லை என்பதைக் கண்காட்சியின் முற்பகுதி காட்டியது. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் மேக்லின் என்ற சிற்றூரில் 1912இல் பிறந்தவர் அவர். வண்ணத்தை வீசியும் சொட்டவிட்டும் வரைந்து புகழ்பெற்ற ஜாக்சன் பொல்லாக் பிறந்ததும் அதே ஆண்டில்தான். பொல்லாக் 1956இல் விபத்தில் இறந்தார். ஆக்னஸ் மார்ட்டின் ஓவியராக நியூயார்க்கில் குடியேறியதே அதற்கு அடுத்த ஆண்டு, 45 வயதில். அதுவரை ஆசிரியை வேலை பார்த்தார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார், நியூ மெக்சிகோவில் வரைந்தார். அந்தக் காலத்து ஓவியங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. கைக்குக் கிடைத்தவற்றையெல்லாம் அழித்தார். தப்பிப் பிழைத்த 1950களின் ஓவியங்களில் உயிரிகளை நினைவூட்டும் வளைந்த வடிவங்கள் மிதக்கின்றன. நியூயார்க் வந்தபின் வட்டங்களும் செவ்வகங்களும் வருகின்றன. 1962இல் செய்த ‘சின்னத் தங்கை’யில் துணிமேல் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்திருக்கிறார். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆணிகள் போயின, வளைவுகள் போயின, கட்டங்கள் மட்டும் மிஞ்சின. இந்த வரிசையை நடந்து கடந்து வாசலுக்குத் திரும்புபவருக்கு ‘தீவுகள்’ காலியான துணிகளாகத் தோன்றாது. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று முடிவுசெய்து இறக்கி வைத்த பிறகு மிஞ்சியதே அந்த வெண்மை.

1964இல் வரைந்த ‘மரம்’ இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆறடிச் சதுரம் முழுக்கப் பென்சிலால் போட்ட நெருக்கமான கட்டங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஓவியம் பிறந்த விதத்தை அவரே விளக்கியிருக்கிறார்: மரங்களின் கள்ளமின்மையை நினைத்துக்கொண்டிருந்தபோது கட்டம் ஒன்று மனத்தில் தோன்றியது, அது கள்ளமின்மையைக் குறிப்பதாகப் பட்டது, வரைந்தார். படம் மனத்தில் தபால் தலை அளவில் தெரியும்வரை காத்திருப்பது அவர் வழக்கம். தெரிந்தபின் காகிதத்தை எடுத்து அதை ஆறடிக்குப் பெரிதாக்கும் கணக்கைப் போடுவார். பின்னங்களும் வகுத்தல்களும் நிறைந்த அந்தக் கணக்குத் தாள்களும் இன்று கிடைக்கின்றன. பிறகு துணிக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, அளவு குறித்து, ஸ்கேலை நகர்த்தி நகர்த்திக் கோடு இழுப்பார். கோட்டின் அருகில் முகத்தைக் கொண்டுபோனால் அது நேர்கோடாகத் தெரிவதில்லை. துணியின் பாவும் ஊடும் பூச்சுக்கு அடியிலிருந்து எழும்பி நிற்கின்றன. பென்சில் அந்த மேடுகளில் பட்டுக் கறுக்கிறது, பள்ளங்களில் தாவிவிடுகிறது. கை சற்றுத் தளர்ந்த இடத்தில் கோடு மங்குகிறது, ஸ்கேலை மாற்றி வைத்த இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு தடுமாற்றம். எந்திரம் போட்ட கோட்டில் இது இருக்காது. ஒரு மனிதக் கை ஆறடி தூரம் நேராகப் போக முயன்றதன் சுவடு அது.

இதே ஓவியம் சில அடிகள் பின்வாங்கினால் வேறொன்றாகிவிடும். காஷா லின்வில் என்ற விமர்சகர் 1971இல் இதைக் கவனித்து எழுதினார். இன்னொரு விமர்சகரான ரோசலிண்ட் கிராஸ் பின்னாளில் அதை விரித்துரைத்தார். பார்ப்பவருக்கு மூன்று தூரங்கள் உண்டு. முகத்தருகே துணியின் நெசவும் பென்சிலின் பொடியும் தெரியும். சற்று விலகினால் கோடுகள் ஒன்றில் ஒன்று கரைந்து பனிமூட்டம்போல ஒரு படலம் எழும். எங்கே துணி முடிகிறது, எங்கே காற்று தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. இன்னும் விலகினால் படலம் இறுகிச் சுவர்போல மூடிக்கொள்ளும். ஆக, ஓவியத்தில் நடப்பது பார்ப்பவரின் கால்களைச் சார்ந்திருக்கிறது. நின்ற இடத்தில் நின்று பார்த்துவிட்டு நகர்பவருக்கு அது மூன்றில் ஒரு பங்கைத்தான் தருகிறது. பத்திரிகைத் தாளில் அச்சிட்டாலோ கைபேசியில் பார்த்தாலோ அந்த ஒரு பங்கும் கிடைப்பதில்லை; சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம்தான் மிஞ்சும். புகைப்படத்தில் பார்த்துப் பலர் இவரை ஒதுக்கியதற்கு இதுவே காரணம். பார்வையாளரை நடக்கவைப்பதற்கென்றே கட்டிய குக்கன்ஹைமின் சரிவுப் பாதை இந்த ஓவியங்களுக்கு நன்றாகப் பொருந்தியது. காலடியில் தரை சாய்ந்திருக்க, சுவரில் இருந்த கிடைக்கோடுகள் ரசமட்டம்போல நிலைத்து நின்றன.

இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே, பள்ளிக்கூடப் பிள்ளை ஸ்கேலும் பென்சிலும் எடுத்தால் போதாதா என்பது பரவலான ஆட்சேபம். கேலிக்காக மட்டும் கேட்கப்படுவதில்லை என்பதால் நேராகவே பதில் சொல்ல வேண்டும். கோடு இழுக்கும் செயல் கடினமானதன்று என்பது உண்மை. ஆனால் எத்தனை கோடுகள், எவ்வளவு நெருக்கம், எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஓவியம் பிழைக்கிறது அல்லது சாகிறது. அவருடைய துணி சதுரம். அதற்குள் போடும் கட்டங்கள் சதுரமாக இருப்பதில்லை, செவ்வகமாக இருக்கும். சதுரத்துக்கு ஒரு கனமும் அதிகாரமும் உண்டு, உள்ளே செவ்வகங்களை நிரப்பினால் அந்த அதிகாரம் இறங்கிவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். கணக்கு நோட்டின் கட்டங்கள் விளிம்புவரை இடித்துக்கொண்டு நிற்கும். அவருடைய கட்டங்கள் பல ஓவியங்களில் ஓரத்துக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிடுகின்றன, அதனால் துணியின்மேல் மிதப்பதுபோல் தோன்றுகின்றன. இத்தகைய முடிவுகளில் எது சரி என்பதை ஒரே ஓவியத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாற்பது ஓவியங்களைக் கடந்து வரும்போது, இங்கே இடைவெளி சுருங்கியதால் மூச்சு முட்டுகிறது, அங்கே விரிந்ததால் வெளிச்சம் புகுகிறது என்று கண் தானாகவே தரம் பிரிக்கத் தொடங்கும். மனத்துக்கு ஒப்பாத ஓவியங்களை அவர் முதுமையிலும் அழித்துக்கொண்டே இருந்தார். யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியதாக இருந்தால் அவருக்கே அத்தனை முறை தவறியிருக்காது.

எளிமைக்கு எதிரான சான்றாகத் தோன்றும் இன்னோர் ஓவியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1963இல் வரைந்த ‘நட்பு’ முழுக்கத் தங்க ரேக்கு ஒட்டிய சதுரம். அதில் கட்டங்களைக் கீறியிருக்கிறார். அதே ஆண்டின் ‘இரவுக் கடல்’ நீலத்தின் ஊடே பொன் கோடுகள் மினுங்கும் ஓவியம். இவற்றைப் பார்த்தபின் இவருக்கு நிறமோ ஆடம்பரமோ கைவராததால் வெண்மைக்குப் போனார் என்று எவரும் சொல்ல முடியாது. பொன்னைக் கையில் எடுத்து, அது என்ன செய்யும் என்று பார்த்து, பிறகு கீழே வைத்திருக்கிறார். துறந்தவர் எதைத் துறந்தார் என்று தெரிந்தால்தான் துறவுக்கு மதிப்பு. அதைத் தெரியவைப்பது மீள்பார்வைக் கண்காட்சி ஒன்றால்தான் முடியும்.

1967இல் அவர் ஓவியத்தையே நிறுத்தினார். அவர் குடியிருந்த, பழைய பாய்மரத் தொழிற்கூடங்கள் நிறைந்த நியூயார்க்கின் கோயன்டிஸ் ஸ்லிப் பகுதியின் கட்டடம் இடிபட இருந்தது. மதித்து நேசித்த ஓவியர் ஆட் ரெய்ன்ஹார்ட் அதே ஆண்டு இறந்தார். மனச்சிதைவு நோயும் அவரை வாட்டியது. புகழ் கைகூடும் நேரத்தில் தூரிகைகளைப் பிறருக்குத் தந்துவிட்டு, சிறு டிரக் ஒன்றில் புறப்பட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் அலைந்து, கடைசியில் நியூ மெக்சிகோவின் மேட்டுநிலம் ஒன்றில் சுடாத செங்கல்லால் தம் கையாலேயே வீடு கட்டிக்கொண்டார். ஏழு ஆண்டுகள் ஓவியம் இல்லை. இடையில் 1973இல் பிலடெல்ஃபியாவில் அவருக்கு ஒரு மீள்பார்வைக் கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்தவர்கள் இந்தக் கலைஞரின் கதை கட்டங்களோடு முடிந்துவிட்டதாக எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அதே ஆண்டு முப்பது அச்சுப் படங்கள் கொண்ட ‘தெளிவான ஒரு நாளில்’ தொகுதி வெளிவந்தது. 1974இல் மறுபடியும் துணியை இழுத்துக் கட்டினார். திரும்பி வந்தவரிடம் நெருக்கமான கட்டங்கள் இல்லை. வெளிர் சிவப்பும் வெளிர் நீலமும் அகன்ற பட்டைகளாக விரிந்தன. 62 வயதில் தொடங்கிய இந்த இரண்டாம் பகுதி முப்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த ஏழாண்டு மௌனத்தின் இருபுறமும் உள்ளவற்றைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கட்டம் அவருக்கு ஒரு சூத்திரமாக இருந்ததில்லை என்பது விளங்குகிறது. சூத்திரமாக இருந்திருந்தால் அதைவிட்டு விலகவும் வேண்டியதில்லை, வேறொன்றாகத் திரும்பவும் வேண்டியதில்லை.

இவரை மினிமலிசக் கலைஞர் என்று பாடநூல்கள் அழைக்கின்றன. 1966இல் இதே குக்கன்ஹைமில் லாரன்ஸ் அலோவே நடத்திய ‘சிஸ்டமிக் பெயின்டிங்’ கண்காட்சியிலும், அதே ஆண்டு டுவான் காலரியில் மினிமலிசக் கலைஞர்களோடும் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. அந்தப் பட்டியலில் தம்மைச் சேர்ப்பதை அவர் ஏற்கவில்லை. பொல்லாக், ராத்கோ தலைமுறையின் அரூப வெளிப்பாட்டியக் கலைஞராகவே தம்மைக் கருதினார். யார் சொல்வது சரி? மினிமலிசத்தின் முன்னணியில் இருந்த டொனால்ட் ஜட் தம் உலோகப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்வித்தார். கலைஞரின் கையும் மனநிலையும் அதில் தெரியக் கூடாது என்பதே நோக்கம். ஆக்னஸ் மார்ட்டின் ஒரு கோட்டைக்கூடப் பிறர் கையில் விடவில்லை; மகிழ்ச்சி, கள்ளமின்மை, அழகு என்று ஜட் வாய்விட்டுச் சொல்லாத சொற்களைத் தம் ஓவியத்தின் பொருளாகச் சொன்னார். தோற்றத்தில் மினிமலிசம், உள்நோக்கத்தில் உணர்ச்சியின் கலை. ‘மரம்’, ‘வெண்கல்’, ‘நன்றி’ என்று அவர் வைத்த தலைப்புகளையும் கையின் நடுக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அவர் சொன்னதற்கே சான்று அதிகம். ஒற்றை ஓவியம் மினிமலிசத்தின் பக்கம் சாயும். முழு வாழ்வு அவர் பக்கம் சாய்கிறது.

இங்கே வலுவான ஓர் எதிர்வாதம் எழும். தம் வாழ்க்கையைப் படைப்போடு முடிச்சுப் போடுவதை விரும்பாத ஒருவரின் படைப்புகளைக் காலவரிசையில் அடுக்கி, நோய், விலகல், மீட்சி என்று கதை கட்டுவது அவருக்குச் செய்யும் அநீதி ஆகாதா? இந்த அபாயம் மெய்யானதுதான். கட்டங்களை மனக்கொந்தளிப்புக்குப் போட்ட வேலி என்று விளக்குபவர்கள் உண்டு. அந்த விளக்கம் சுலபமாக வாயில் வரும். ஆனால் நோய் அவரை வீழ்த்திய நாட்களில் அவர் வரையவில்லை என்பதையும், மனம் தெளிந்து அமைதியாகும்வரை காத்திருந்தே துணியைத் தொட்டார் என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. ஓவியங்கள் நோயின் குறிப்பேடு அல்ல. நோய் விட்டுவைத்த நேரத்தில் சம்பாதித்தவை. அப்படியானால் கதையைக் கைவிட்டு ஓவியங்களை மட்டும் வரிசைப்படுத்தினால் போதும். ‘தீவுகள்’ ஓவியங்களை வரிசைக்கு வெளியே எடுத்து வாசலில் வைத்த குக்கன்ஹைமின் முடிவு அந்த வகையில் நேர்மையானது. வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கும் முன்பே கண் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

உலகத்தில் எவ்வளவோ துயரம் இருக்க, அதில் எதையும் தொடாத இந்த வெண்மைக்கு என்ன அவசியம் என்றும் கேட்கலாம். 1997இல் வரைந்த தொடர் ஒன்றுக்கு அவர் வைத்த தலைப்பே ‘உலகுக்கு முதுகு காட்டி’ என்பதுதான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வந்த இன்னொன்றின் தலைப்பு ‘உலகம் முழுவதையும் நேசிக்கிறேன்’. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. செய்திகளிலிருந்தும் சச்சரவுகளிலிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது வெறுப்பால் அல்ல என்று இரண்டாவது தலைப்பு சொல்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவரிடம் கடலால் என்ன பயன் என்று நாம் கேட்பதில்லை. காரணம் எதுவும் இல்லாமல் மனம் லேசாகும் நிமிடங்கள் எல்லோருக்கும் வாய்க்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச யாருக்கும் நேரம் இருப்பதில்லை. அவற்றுக்காகவே ஒருவர் நாற்பதாண்டுகளைச் செலவிட்டது சிறிய தொண்டன்று.

கடைசிக் காலத்து ஓவியங்கள் இந்த வாதத்துக்கு முடிவான சான்று. 1993இல் நியூ மெக்சிகோவின் டாவோஸ் ஊரில் முதியோர் குடியிருப்புக்கு அவர் மாறினார். ஆறடித் துணியைத் தூக்கித் திருப்ப உடம்பு இடங்கொடுக்கவில்லை, ஐந்தடிக்கு இறங்கினார். முப்பதாண்டு வழக்கத்தில் ஓரடி குறைந்தது. தனி ஓவியத்தில் அது ஓர் அளவு மட்டுமே. முழு வரிசையில் அது முதுமையே வந்து நிற்பது. 2003இன் ‘வாழ்வுக்கு வணக்கம்’ சாம்பல் பரப்பின் நடுவே கருத்த சரிவகம் ஒன்றை நிறுத்துகிறது. நாற்பதாண்டுகளுக்கு முன் இறக்கிவைத்த வடிவங்கள் 91ஆம் வயதில் திரும்பி வருகின்றன. இதைத் தனியே கண்டவர் அழுத்தமான ஒரு கறுப்பு வடிவத்தைக் காண்பார். ஆயிரக்கணக்கான கோடுகளைக் கடந்து வந்தவருக்கு அதன் துணிச்சல் நெஞ்சில் தட்டும்.

அவருடைய கடைசிப் படைப்பாக அறியப்படுவது 2004இல் மையால் வரைந்த உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு படம். ஒரு செடி. ஸ்கேல் இல்லை, கணக்கு இல்லை, கட்டம் இல்லை. நடுங்கும் கையில் மேலெழும் ஒரு கோடு. மரத்தை நினைத்துக் கட்டத்துக்குப் போனவர், கட்டத்தின் வழியே நடந்து நடந்து ஒரு செடியிடம் வந்து சேர்ந்திருக்கிறார். வேறு யார் வரைந்திருந்தாலும் அதைக் கடந்து போய்விடுவோம். ‘மரம்’ ஓவியத்தின் பென்சில் கோட்டில், நெசவின் மேட்டிலும் பள்ளத்திலும் தடுமாறிய அதே கையைப் பார்த்துப் பழகிய கண்ணால் அதைக் கடந்து போக முடியாது.